தீ காணாத டர்போ

நியாயம் பேசும் பெருமக்களே, எங்கள் கார் கொட்டகைக்கு வந்து இந்த அநீதியைக் கண்ணால் பாருங்கள்! என் அண்ணிக்குப் பைத்தியப் பட்டம் கட்டுகிறார்கள்.

இறந்துபோன அண்ணனின் பழைய டர்போ காரை அண்ணியும் நானும் பிரித்துச் செப்பனிடுகிறோம். எஞ்சின் பட்டறைக்குப் போய்விட்டது. எஞ்சினின் சூடான புகையால் சுழன்று அதற்குக் காற்றை ஊட்டுவது டர்போ; அதில் பொருத்த வாங்கிய பெரிய டர்போ, ஒருமுறைகூட ஓடாத புதுப் பொருள், மேசைமேல் இருக்கிறது. அண்ணன் உயிரோடிருந்தபோது வேலை முடிந்து திரும்பும் அதே மாலை வேளையில் அது தானாகச் சூடேறுகிறது.

அண்ணன் வந்தவுடன் காரை அணைக்கமாட்டார். டர்போ ஆறட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு உள்ளேயே அமர்ந்திருப்பார். இந்தச் சூடும் அப்படித்தான் மெல்ல ஆறுகிறது.

"தொட்டுப் பாருங்க மாமா," என்றார் அண்ணி என் அப்பாவிடம்.

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தொட என்ன இருக்கு? நாளைக்குப் பழைய இரும்புக்காரன் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போவான். உனக்கும் புத்தி தெளியும்."

"பயமா இருக்குன்னு சொல்லுங்க. நான் சிரிக்கமாட்டேன்."

நான் தொட்டேன், விரல் கொப்பளித்துப்போனது. மெக்கானிக்கான நான் என் தொழிலை நம்புவதா, விரலை நம்புவதா? விளங்கவில்லை.

நேற்று அது ஆறி முடிந்ததும் கார்க் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. கதவுகளையோ நாங்கள் பெயிண்ட் அடிக்கக் கழற்றி அனுப்பிவிட்டோம்.

எட்ட நின்று தீர்ப்பு எழுதாதீர்கள். இன்று மாலையே வாருங்கள்! கையை வையுங்கள், பிறகு சொல்லுங்கள், எங்களில் யாருக்குப் பைத்தியம் என்று!