கார்ஸ்வெல் தலை

சத்தம் போட்டுப் படிக்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்தாள் காயத்ரி. அந்த வக்கீல் நோட்டீஸை சம்பத் சத்தம் போட்டுத்தான் படித்தார்.

"எங்க கிட்டாரோட தலை மாதிரியே செஞ்சு விக்கிறதை உடனே நிறுத்தணும். இல்லேன்னா கேஸ் போடுவோம். இதைத்தான் மூணு பக்கம் எழுதியிருக்கான். ஆனா இங்கிலீஷ், கத்தி மாதிரி."

மாமல்லபுரத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் மொட்டை மாடியில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டார் பிரியர்கள் கூடுவார்கள். இன்று காயத்ரியைத் தவிர வந்தது மூன்று பேர். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் சம்பத், காயத்ரியின் கணவன் நிதின், கூடுவாஞ்சேரியில் பட்டறை வைத்து கிட்டார் செய்யும் செங்கல்வராயன். நோட்டீஸ் வந்தது செங்கல்வராயனுக்கு. அவர் முன்னால் வஞ்சிரம் ஆறிக்கொண்டிருந்தது.

"மாசத்துக்கு மூணோ நாலோ செய்றவன் நானு. ஒலகம் பூரா விக்கிற கார்ஸ்வெல் கம்பெனிக்கு என்னால இன்னா பேஜாரு?" என்றார். "கம்பி முறுக்குற தலை நடுவுல ஒரு பள்ளம். அத்த அவுங்க தாத்தாதான் கண்டுபுட்ச்சாராம்."

"இப்ப வர்ற கார்ஸ்வெல்லைப் பாருங்க," என்றான் நிதின். "சோபால இருந்து சரிஞ்சா கழுத்து முறியுது. மூணாவது கம்பி ஒரு பாட்டு முடியறதுக்குள்ள சுருதி விட்டுடுது. அதைச் சரி பண்ண ஆள் போட மாட்டான். வக்கீல்தான் போடுவான்."

"அப்புறம் எதுக்கு உன் வீட்ல ரெண்டு வச்சிருக்க?" என்றார் சம்பத்.

"அது எண்பதுகள்ல செஞ்சது சார். அப்ப தரமே வேற."

"எண்பதுகள்ல நான் காலேஜ் படிச்சேன். எழுபதுகள்ல செஞ்சதுதான் கார்ஸ்வெல்னு அப்ப சொல்லிட்டு இருந்தாங்க."

செங்கல்வராயன்கூடச் சிரித்துவிட்டார். சம்பத் விடவில்லை. "அவன் செய்யறதும் தப்பில்லப்பா. கண்டுக்காம விட்டா நாளைக்கு ஊர்ல இருக்கிறதெல்லாம் கார்ஸ்வெல் ஆயிடும்."

"நான் எம்பேரத்தான சார் போட்டு விக்கிறேன். அவம் பேரயா போட்டுகினு கீறேன்?"

சம்பத் நோட்டீஸின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நிதின் தன் ஒவ்வொரு கிட்டாரும் எந்த வருடம், எந்த மரத்தில் செய்தது என்று சொல்வான். காயத்ரி சிறுசேரியில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எழுத்து வேலை செய்து தரும் அலுவலகத்தில், நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஏதோ டாக்குமெண்ட் வேலை" என்பான். ஒருமுறை அவள் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். "ம், சொல்லு, கேட்டுட்டுதான் இருக்கேன்," என்றான். அவள் பாதியில் நிறுத்தியது அவனுக்குத் தெரியவில்லை.

"எவனோ நியூயார்க்ல கோட்டு போட்டுட்டு உக்காந்து எழுதியிருப்பான்," என்றார் சம்பத். "அறுபது வயசாவது இருக்கும். இந்த நடை சின்னப் பசங்களுக்கு வராது."

காயத்ரி தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

நோட்டீஸின் கடைசித் தாளில் ஒரு படம் இருந்தது. ஒரு கார்ஸ்வெல் தலையும் செங்கல்வராயன் செய்த தலையும் பக்கத்துப் பக்கத்தில்.

"கூட இருந்த எவனோதான் எட்த்துக் குட்த்துகிறான்," என்றார் செங்கல்வராயன்.

சம்பத் நிதினைப் பார்த்தார். "நீதான போன மாசம் கார்ஸ்வெல் ரசிகர் பக்கத்துல இந்த மாதிரி ஒரு படம் போட்ட? அசலுக்கு அசல்னு, உங்க பால்கனில கார்ஸ்வெல்லையும் இவரு செஞ்சதையும் நிக்க வச்சு?"

"அது வேற சார். அதுல பின்னாடி கொடில காயற துணியெல்லாம் தெரியும். நைட்டி தெரியுதுன்னு இவ சண்டை போட்டா. இதுல பாருங்க, மரத்தைத் தவிர ஒண்ணும் இல்ல. எவனோ துரோகி பண்ணின வேலை."

செங்கல்வராயன் படத்தை மடித்தார். "எவனோ பண்ட்டான். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடலன்னா பட்டறைய சாத்திகினு மச்சான் லாரில கிளீனரா போவ வேண்டிதான். மரத்தத் தவிர எனக்கு இன்னா தெரியும்?"

"காயத்ரி எழுதுவா," என்றான் நிதின். "அவளுக்கு இங்கிலீஷ் நல்லா வரும். ஆபீஸ்லயும் இந்த மாதிரிதான் ஏதோ அடிச்சிட்டிருக்கா. என்ன காயத்ரி, ராத்திரி உக்காந்து ரெண்டு பக்கம் தட்டிக் குடுத்துடு."

"எழுதும்மா தங்கச்சி," என்றார் செங்கல்வராயன். "அந்தக் கோட்டுக்காரன் மூக்கு ஒடையற மாரி எழுது."

எழுதலாம். பதில் அவள் மனத்தில் வரி வரியாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. எந்த இடத்தில் தட்டினால் அந்த மூன்று பக்கமும் ஆடிப்போகும் என்பதுகூட.

"முடியாதுண்ணா," என்றாள். "செங்கல்பட்டு கோர்ட்ல ஒரு வக்கீலம்மா இருக்காங்க. இந்த மாதிரி கேஸ் நல்லா பாப்பாங்க. நம்பர் தரேன், நாளைக்கே போய்ப் பாருங்க."

நிதினின் முகம் சிறுத்துப்போனது. மற்றவர்கள் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

"ஒரு மனுஷன் பொழப்பே போகப் போகுது," என்றான் தணிந்த குரலில். "ரெண்டு பக்கம் எழுத உனக்கு என்ன கஷ்டம்?"

செங்கல்வராயன் மடித்து வைத்த தாளை காயத்ரி எடுத்து விரித்தாள். படத்தை நிதின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"ஒரே கேஸ்ல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள் எழுதக் கூடாது, நிதின்," என்றாள். "ஆபீஸ்ல உக்காந்து இந்தப் படத்துல இருந்து என் நைட்டிய வெட்டி எடுத்ததே நான்தான்."