எம்சி சீட்டு

பனிமூட்டத்தில் தேயிலைக் கொழுந்து லோரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று மோகனாவை நோட்டம் விடுகிறார் கங்காணி திருச்செல்வம். டாக்டர் லீவு எழுதிக் கொடுத்த எம்சி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அவருக்காகத்தான் ஆபீஸ் வாசலில் காத்திருக்கிறாள். “இடுப்புல நரம்பு அழுந்துதாம், அதான் கால் வலியாம். கால்ல ஒரு வீக்கம்கூட இல்லலா,” என்று டிரைவர் குகனிடம் முணுமுணுக்கிறார். “ஆள் இல்லன்னா நேரா நடப்பா, பாரு.” மோகனா வலது காலிலேயே பாரத்தைப் போட்டு நிற்கிறாள். குளிரில் தும்மல் வருகிறது. அந்த ஒரு தும்மலுக்கு இடது கால் வெட்டி இழுக்கிறது. பிட்டத்தைப் பிடித்த கை, வலியைத் துரத்திக்கொண்டு தொடையின் பின்புறமாக வழுக்குகிறது. சீட்டு சேற்றில் விழுகிறது. குனியப் பார்க்கிறாள், முடியவில்லை. யாருமில்லை என்று நினைத்து, செருப்பு நுனியால் அதை இழுக்கிறாள். குகன் கங்காணியைத் திரும்பிப் பார்க்கிறான். ஓரடி எடுத்து வைத்தவர் அப்படியே நிற்கிறார். எடுத்துக் கொடுக்கப் போனால், ஒளிந்திருந்தது தெரிந்துவிடும்.