நீளமும் வெட்டும்

மொட்டை மாடியில் சாயங்கால வெயில் சாய்ந்து, பாட்டுகளைக் கலக்கும் மிக்ஸரின் குமிழ்களில் மினுங்குகிறது. ஆட வந்தவர்களுக்கு அக்காவும் தம்பியும் ஒரே மேசையில் நின்று பாட்டு ஓட்டுகிறார்கள். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போவதில்தான் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். வெட்டிவிட்டுத் தாவ வேண்டும் என்பது தம்பி கட்சி. ஒன்று கரைவதும் மற்றொன்று ஊறுவதும் எவருக்கும் தெரியாதபடி நீளமாகக் கலக்க வேண்டும் என்பது அக்கா கட்சி. இப்போது அவள் முறை. இரண்டு பாட்டும் ஒன்றாக ஓட, தூங்கும் குழந்தையை இடம் மாற்றிப் படுக்கவைப்பவள்போலக் குமிழை மெல்லத் திருகுகிறாள். அப்போதுதான் கேட்கிறது அந்தச் சத்தம். தாளம் இரண்டும் நூலளவு விலகி, நொண்டிக் குதிரை ஓடுவதுபோல் தடதடக்கின்றன. முன்னால் ஆடிய பெண்ணின் கால் குழம்பி நிற்கிறது. அக்காவின் கழுத்தில் வேர்வை கோடிழுக்கிறது. "குதிரை வந்துடுச்சுக்கா," என்கிறான் தம்பி, அவள் காதோரம். "தெரியுது. சும்மா இரு." சொன்ன வாய் மூடுமுன் பழைய பாட்டின் சத்தத்தை ஒரே இழுப்பில் அடியோடு இறக்குகிறாள். தடதடப்பு பட்டென்று அறுகிறது. புதுப் பாட்டின் டிரம் மட்டும் தனியாக, சுத்தமாக விழ, நின்ற கால் துள்ளுகிறது, மாடி முழுக்கக் கைகள் மேலே போகின்றன. அக்கா அடக்கி வைத்த மூச்சை விடுகிறாள். தம்பி சிரிப்பை உதட்டுக்குள் மென்றபடி தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறான். "வெட்டிட்ட போல." அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, புறங்கையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறாள். "நீளமாத்தான்டா போட்டேன். கடைசில மட்டும் கொஞ்சம் அவசரம்."