ஸ்டாக் இல்லை

ஊரிலிருந்த ஒரே மருந்துக்கடை அவருடையது. "அவசரக் கருத்தடை மாத்திரை இருக்கா சார்?" என்று தயங்கிக் கேட்ட இளம்பெண்ணிடம், "ஸ்டாக் இல்லம்மா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார். மாத்திரை இழுப்பறையில்தான் இருந்தது.

கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் மாத்திரை. தாமதித்தால் பலன் குறையும் என்று தெரிந்தவர்தான். மனசாட்சி மூன்று நாள் அரித்தது. கடைசியில் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"கல்யாணமாகாத பொண்ணுக்கு இந்த மாத்திரை எதுக்குன்னு நெனச்சு, ஸ்டாக் இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். பாவம், யார் வீட்டுப் பொண்ணோ!"

மனைவி தலை நிமிரவில்லை. "அவ என்கூட வேலை பாக்கற பொண்ணு. உங்ககிட்ட கேட்டா திட்டுவீங்கன்னு, எனக்காக நான்தான் அனுப்பினேன்."

இப்போது அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அஞ்சு நாளுக்குள்ள கர்ப்பப்பையில காப்பர்-டி வெச்சாலும் தப்பிக்கலாமாம். நாளைக்குத்தான் கடைசி நாள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட வரீங்களா, இல்ல அதுக்கும் ஸ்டாக் இல்லைன்னு சொல்லப்போறீங்களா?"