முத்திரை குத்திய 'முடியாது'

"ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு. வாரண்டி கிடையாது சார்."

சர்வீஸ் சென்டர் கவுண்டரில் டை கட்டி உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எதிரே நின்ற பஸ் டிரைவர் பில்லை எடுத்து நீட்டினார். மூன்று வருஷ வாரண்டி என்று சொல்லி விற்ற, கம்ப்யூட்டரில் படங்களை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு. பத்தே மாதத்தில் புகைந்துவிட்டது.

"தூசி தட்டுறதுக்காக ஃபேனைக் கழட்டினேன். ஸ்க்ரூ மேல ஒட்டின நகம் அளவு ஸ்டிக்கர். அது கிழிஞ்சதுக்கும் கார்டு போனதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"வாயால சொல்லாதீங்க. எழுதிக் கொடுங்க."

எழுதினார். தேதி இல்லை என்று திருப்பித் தள்ளினார் டைக்காரர். மறுபடி எழுதினார். பில் நம்பர் இல்லையாம். மூன்றாம் தடவை, என்றைக்கு, எத்தனை மணிக்கு, எப்படிப் பழுதாச்சு என்று விவரமாக வேண்டுமாம்.

'வேணும்னே இழுத்தடிக்கிறான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதிக் கொடுத்தார்.

"அடுத்த வாரம் வாங்க."

விளையாடுவதற்காக வாங்கிய கார்டாக இருந்தால் டிரைவர் போனால் போகிறது என்று விட்டிருப்பார்.

அவர் மனைவி நீச்சல் டீச்சர். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பயத்தைப் போக்கியவள். இரண்டு வருஷத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்தாள். அதோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

யாரோ சொன்னார்கள் என்று அவர் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, கண்ணை மறைத்து மாட்டும் பெரிய வி.ஆர். கண்ணாடி ஒன்றையும் வாங்கி வந்தார். மாட்டிக்கொண்டவள் அதற்குள் விரிந்த கடலுக்குள் நேரே இறங்கிவிட்டாள்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் காற்றை விலக்கி விலக்கிப் போவாள். "ஏங்க, அந்த ஆமை இன்னிக்கும் வந்துச்சுங்க. என் தோளை ஒட்டியே வந்துச்சு" என்பாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீல வெளிச்சம் சுவரில் அலையும், திரைச்சீலையில் அலையும், அவள் முகத்தில் அலையும். நாற்காலி தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி நிற்கிற மாதிரியே அவருக்குத் தோன்றும். மறுநாள் மழைக்குள் சிக்னலில் பஸ் நிற்கும்போது, கண்ணாடிக்கு வெளியே குடைகளெல்லாம் மெதுவாக மிதந்து போகும்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் ஜன்னலோரம் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைகளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டம்தான் ஓடலையே?"

"தெரியும். இருட்டாத்தான் இருக்கு. ரொம்ப ஆழத்துக்குப் போனா இருட்டாத்தானே இருக்கும்?" கைகள் நின்றன. "மேல வரத்தாங்க வழி தெரியல."

அடுத்த வாரம் டைக்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். கையெழுத்து, தேதி, பளிச்சென்று முத்திரை.

'கார்டு தானாகப் பழுதாகியுள்ளது. உபயோகித்தவர் மீது தவறு இல்லை. எனினும் ஸ்டிக்கர் கிழிந்திருப்பதால் மாற்றித் தர இயலாது.'

டிரைவர் காகிதத்தைக் கவுண்டரில் அறைந்தார். "தப்பு என்மேல இல்லைன்னு நீங்களே எழுதிட்டு, முடியாதுன்னும் நீங்களே எழுதுறீங்களே! உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"இங்க கத்தி என்ன பிரயோஜனம்? கத்த வேண்டிய இடத்துல போய்க் கத்துங்க." டைக்காரர் அடுத்த ஆளைக் கையசைத்துக் கூப்பிட்டார். "காகிதத்தை மட்டும் கசக்கிடாதீங்க."

அந்தத் திமிர்தான் டிரைவரை நுகர்வோர் கோர்ட்டுக்கே கொண்டுபோய் விட்டது. மனுவில் கடைசி வரியாக, 'மேற்படி கவுண்டர் ஆளை வேலையைவிட்டு நீக்க வேண்டும்' என்றும் சேர்த்து எழுதினார். அது எங்கள் வேலை இல்லை என்று அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார்கள்.

கம்பெனி வக்கீல், வாடிக்கையாளர்தான் கழட்டிக் கெடுத்துவிட்டார் என்று நீளமாகப் பேசினார். நீதிபதி முழுக்கக் கேட்டுவிட்டு அந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது உங்க முத்திரைதானே?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பதினைந்து நாளில் புதுக் கார்டு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு.

வாங்கிக்கொள்ள டிரைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். டைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அன்று லீவு போட்டிருந்தார்.

கவுண்டரில் வேறு ஒரு பெண் இருந்தாள்.

"அந்த டை கட்டின ஆள் எங்கம்மா?"

"வேலையைவிட்டு எடுத்துட்டாங்க சார்."

"நல்லா வேணும்!" டிரைவர் சிரித்தார். "என் மனு அவரை ஒரு ஆட்டு ஆட்டிடுச்சு போல."

அந்தப் பெண் பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, உள் அறைக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரல் தணிந்தது.

"மனு இல்ல சார், அந்தக் காகிதம். யாருக்குமே 'முடியாது'ன்னு எழுத்துல கொடுக்கக் கூடாது, வாயால சொல்லி அனுப்பிடணும்கிறது இங்க கண்டிப்பான உத்தரவு. உங்களுக்கு முன்னாடி பத்துப் பேருக்கு அவர் அப்படி எழுதிக் கொடுத்திருக்காரு. யாருமே கோர்ட்டுக்குப் போகல. 'அப்பாடா, ஒருத்தராவது போனாரே'ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சார் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினாரு."