எதிரில் ஆள் வராத நாடகம்

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன் குரலே கேட்டதும், சபிஹா பையின் ஜிப்பை மூடாமல் நின்றாள்.

“எல்லாரும் மாப்பிள்ளை எங்க, மாப்பிள்ளை எங்கன்னு கேக்குறாங்க. எம்புட்டுப் பேருக்கு நான் பதில் சொல்றது?”

நேற்று இரவு கணவன் முபீனிடம் அவள் கத்தியது. ஒரு சொல் மாறவில்லை. கடைசியில் அவள் குரல் உடைந்த இடத்தில் அதுவும் உடைந்தது.

பேசியது பக்கத்து வீட்டுச் செல்வியம்மா.

குரல் மாற்றிப் பேசுவது அவருக்குத் தினசரி வேலைதான். கல்யாணமாகி வில்லாபுரத்துக்கு வந்த நாளிலிருந்து, சபிஹா வெங்காயம் நறுக்குவதே அந்தச் சுவரோரம் உட்கார்ந்துதான். இருமும் மாமனார், மழலை மாறாத குழந்தை, சிடுசிடுக்கும் கண்டக்டர் என்று ஒரு ஊரே அந்த ஒற்றைத் தொண்டைக்குள் குடியிருந்தது.

மதுரையைச் சுற்றித் திருவிழா மேடைகளில் ஸ்பெஷல் நாடகம் நடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். அதில் ஒத்திகை கிடையாது. எதிரே நடிக்கப்போவது யார் என்பதே மேடையேறிய பிறகுதான் தெரியும். அவர் என்ன கேட்டாலும் அந்த நொடியே பதில் வர வேண்டும்.

மூட்டுவலி மேடையிலிருந்து இறக்கிவிட்ட பிறகு, வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறார். பேசிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

“எழுத்துன்னா என்ன பாப்பா? எதிர்ல ஆள் வராத நாடகம். ரெண்டு பக்கமும் நாமளே பேசிக்கிட வேண்டியதுதான்” என்று ஒருமுறை சிரித்தார்.

அதற்காக என் வீட்டுச் சண்டையையா எழுதுவார்?

சபிஹாவுக்குக் கோபம் வந்தது.

நேற்று வண்டியூரில் தங்கைக்கு நிச்சயதார்த்தம். வருகிறேன் என்று சொன்ன முபீன் வரவில்லை. இரவு அத்தனை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. காலையில் சாப்பிடாமலே கடைக்குக் கிளம்பிவிட்டான்.

வராததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மௌனத்தோடு இனி ஒரு நாளும் முடியாது. அம்மா வீட்டுக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது.

அப்போதுதான் சுவருக்கு அப்பால் முபீன் பேசினான்.

அவனேதான். அதே கரகரப்பு. சபி என்று கூப்பிடுவதற்கு முன் வரும் அதே சின்னத் தயக்கம்.

“மண்டபத்து வாசல் வரைக்கும் வந்தேன்... சபி. உள்ள உங்க ஆளுங்க சிரிக்கிற சத்தம். எனக்குத்தான் நாலு பேரு முன்னாடி பேச வராதே. அப்படியே திரும்பிட்டேன். அதை உன்கிட்ட சொல்லவும்... சொல்லவும் வரலை.”

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாத ஒருவனுக்குள் புகுந்து, அவனுக்கே அகப்படாத சொற்களை ஒரு மனுஷியால் எடுத்து வர முடியுமா? சபிஹா சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கோயில் தூணைத் தொடுகிறவர்களைப் போல மெதுவாக.

கதை என்று தெரிந்தும் கண் நிறைந்தது. கதையில் வரும் முபீன் பேசி என்ன ஆகப்போகிறது?

தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டைப் பூட்டினாள்.

செல்வியம்மா வீட்டுப் படியருகே ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. கறுப்பு வாரில் வெள்ளை நூல்.

போன வாரம் அவளே தைத்துக் கொடுத்தது.

உள்ளே செல்வியம்மா அதட்டினார். இப்போது அவருடைய சொந்தக் குரல்.

“தரையைப் பாக்காத மாப்ள. இந்தக் கெழவி மூஞ்சியவே பாக்க முடியலைன்னா, அவ மூஞ்சிய எப்படிப் பாப்ப? முதல்ல இருந்து சொல்லு.”

“மண்டபத்து வாசல் வரைக்கும் வந்தேன், சபி...”

இந்த முறை திக்காமல் கடைசிவரை சொல்லி முடித்தான்.

அடுத்தது சபிஹா பேச வேண்டிய இடம். அவளாக மாறுவதற்காகச் செல்வியம்மா தொண்டையைச் செருமுவது கேட்டது.

அதற்குள் சபிஹா கதவைத் தட்டினாள்.