வெள்ளிக்கிழமை விளக்கு

வெரோணிக்கா அந்த யூதர் வீட்டின் கிறிஸ்தவச் சமையல்காரி. குடும்பம் இஸ்ரேலுக்குப் போனபிறகு அவள்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். சுற்றுலா வழிகாட்டிகள் அவளையே ஊரின் கடைசி யூதப் பெண் என்று காட்டத் தொடங்கினார்கள். முதலில் சிரித்தாள், பிறகு மறுக்க வழியில்லாமல் போயிற்று.

இஸ்ரேலிலிருந்து பூர்வீகம் தேடி வந்த மிரியமும் அதை நம்பினாள். வெரோணிக்கா வைத்த மீன்குழம்பை ஒரு வாய் சாப்பிட்டதும் அழுதுவிட்டாள். "செத்துப்போன எங்கம்மா வெச்ச மாதிரியே இருக்கு அத்தை. வெள்ளிக்கிழமை பொழுது சாயுது. நம்ம வழக்கப்படி விளக்கேத்தி ஜெபம் சொல்லுங்க. எனக்காகச் சொல்ல வேற ஆளே இல்ல."

வெரோணிக்கா மெழுகுவர்த்திகளைப் பற்றவைத்தாள். எஜமானி ஜெபிப்பதை அடுக்களையிலிருந்து பார்த்திருக்கிறாள்; உதடு அசையும், சொல் கேட்காது. எஜமானியைப் போலவே கண்களை உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டாள்.

"சத்தமா சொல்லுங்க அத்தை," என்று மிரியம் நெருங்கி வந்தாள்.

கையை எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும். வெரோணிக்கா எடுக்கவில்லை.